ஒரு பதிவு, பல எண்கள்

ஆன்லைனில் புடவை விற்கும் ஒரு கடைக்குத் தளம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பணம் கட்டியதும் ஆர்டர் டேபிளில் ஒரு புதிய பதிவு விழுகிறது. அதற்கு ஓர் எண் வேண்டும். பேமென்ட் டேபிளும் கூரியர் டேபிளும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஆர்டரோடு சேர முடியும். வாடிக்கையாளருக்குப் போகும் எஸ்எம்எஸ் லிங்க்கிலும் ஓர் எண் இருக்கும். "என் புடவை இன்னும் வரலீங்க" என்று அவர் போன் செய்யும்போது வாய்விட்டுப் படிக்க ஓர் எண் வேண்டும். ஆடிட்டருக்கு பில் எண் வேண்டும்.

தளம் கட்டப் பழகும் பலர் இந்த நான்கு வேலைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று: அப்படிச் செய்யாதீர்கள். டேபிள்களை இணைக்கும் எண் வேறு, வெளியே காட்டும் எண் வேறு, மனிதர் படிக்கும் எண் வேறு, சட்டம் கேட்கும் எண் வேறு. முதல் நாளே இரண்டு மூன்று புலங்களைக் கூடுதலாகச் சேர்ப்பது அரை மணி நேர வேலை. லட்சக்கணக்கான பதிவுகள் சேர்ந்தபிறகு பிரித்தெடுப்பது பல வார வேலை, அதுவும் தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை.

இருப்பதில் பெரிய எண்ணோடு ஒன்று

டேபிளில் உள்ள மிகப் பெரிய எண்ணைப் படித்து, ஒன்றைக் கூட்டி, புதிய பதிவுக்குக் கொடுப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. உங்கள் லேப்டாப்பில் இது ஒருநாளும் தவறாது, ஏனென்றால் அங்கே நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். தீபாவளி விற்பனையன்று என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே நொடியில் பட்டனை அழுத்துகிறார்கள். முதல் கோரிக்கை டேபிளைப் பார்க்கிறது: பெரிய எண் 1841. அது 1842-ஐ எழுதுவதற்கு முன்பே இரண்டாவது கோரிக்கையும் பார்க்கிறது: அதற்கும் 1841தான் தெரிகிறது. இரண்டும் 1842 என்று எழுதப் போகின்றன. அந்தப் புலம் பிரைமரி கீ என்றால் இரண்டாமவருக்குப் பிழைச் செய்தி வரும். பணம் போய்விட்டது, ஆர்டர் இல்லை. யூனிக் கட்டுப்பாடு எதுவுமே இல்லையென்றால் இன்னும் மோசம். இரண்டு பதிவும் விழும், ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் ஆர்டரில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு கோளாறும் உண்டு. கடைசிப் பதிவை நீக்கினால் அதன் எண் அடுத்தவருக்குப் போய்விடும். பழைய எஸ்எம்எஸ் லிங்க்கைத் திறப்பவர் வேறொருவரின் முகவரியைப் பார்ப்பார். ஒருமுறை கொடுத்த எண்ணை வேறு எதற்கும் மறுபடி கொடுக்கவே கூடாது.

ஆகவே இந்த வேலையை டேட்டாபேஸிடமே விட்டுவிடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் ஆட்டோ இன்கிரிமென்ட், போஸ்ட்கிரெஸில் ஐடென்டிட்டி. எத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுப்பது அவற்றின் பொறுப்பு. மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை: 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் அதன் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி தன் எண்ணியை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. சர்வரை நிறுத்தித் தொடங்கினால் டேபிளில் மிஞ்சியிருக்கும் பெரிய எண்ணிலிருந்து மறுபடி தொடங்கும். நீக்கப்பட்ட எண் அந்த வழியாகத் திரும்பி வந்துவிடும். பழைய பதிப்பில் ஓடும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. உங்களுடையது அவற்றில் ஒன்றா என்று பாருங்கள்.

எண்ணின் அளவையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சாதாரண 32 பிட் முழு எண் 2,147,483,647-ல் முடிந்துவிடும். எட்டாத உயரம் என்று தோன்றும். ஆனால் யார் எப்போது எதைச் செய்தார் என்று ஒவ்வொரு அசைவையும் பதியும் டேபிள் ஒன்று எல்லாத் தளத்திலும் இருக்கும்; முதலில் நிரம்புவது அதுதான். 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் தளத்தில் அப்படி ஒரு டேபிள் இந்த எல்லையைத் தொட்டது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்கள் எதையும் படிக்கத்தான் முடிந்தது, புதிதாக எழுத முடியவில்லை. அந்த நிறுவனத்தில் பிறந்த ரூபி ஆன் ரெயில்ஸ், அதற்கு முந்தைய ஆண்டே 5.1 பதிப்பில் புதிய டேபிள்களுக்கு 64 பிட் எண்ணை இயல்பாக்கியிருந்தது. அந்த டேபிள் அதற்கு முன்பே உருவானது. 64 பிட் எண்ணான பிக்இன்ட் ஒரு பதிவுக்கு 4 பைட்தான் கூடுதலாகக் கேட்கும். ஒரு கோடிப் பதிவுக்கு 4 கோடி பைட். அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

வரிசை எண் வெளியே சொல்லிவிடும் செய்தி

இதுவரை சொன்னது உள்ளே இருக்கும் எண். அதை அப்படியே யுஆர்எல்லில் வைத்தால் என்ன?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கிகள் செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கைப்பற்றிய டாங்கிகளின் பாகங்களில் இருந்த வரிசை எண்களை வைத்துப் புள்ளியியலாளர்கள் கணக்கிட்டார்கள். 1940 ஜூன் முதல் 1942 செப்டம்பர் வரை மாதச் சராசரி 246 என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். போர் முடிந்தபின் கிடைத்த ஜெர்மன் ஆவணங்களில் இருந்தது 245. உளவுத் தகவல்களோ 1,400 என்று சொல்லியிருந்தன. கணக்கு மிக எளிது: பார்த்த எண்களில் பெரியதை எடுத்து, அதைப் பார்த்த எண்ணிக்கையால் வகுத்து, இரண்டையும் கூட்டி, ஒன்றைக் கழிக்க வேண்டும். உங்கள் போட்டிக் கடைக்காரர் ஐந்து பார்சல்களின் ஆர்டர் எண்ணைப் பார்க்கிறார், பெரியது 1200 என்றால், நீங்கள் இதுவரை விற்றது ஏறக்குறைய 1439 என்று அவருக்குத் தெரிந்துவிடும். முதல் தேதி ஒன்று, முப்பதாம் தேதி ஒன்று என்று அவரே இரண்டு ஆர்டர் போட்டால் மாத விற்பனையே கையில்.

வியாபார ரகசியத்தைவிடப் பெரியது வாடிக்கையாளரின் ரகசியம். 2019 மே மாதம் அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற நிலப் பத்திரக் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் ஒரு குறை வெளிவந்தது. ஓர் ஆவணத்தின் லிங்க்கில் உள்ள எண்ணை ஒன்று கூட்டியோ குறைத்தோ திறந்தால் இன்னொருவரின் ஆவணம் வந்தது. உள்நுழைவே தேவைப்படவில்லை. வங்கிக் கணக்கு விவரங்கள் உட்பட சுமார் 88.5 கோடி கோப்புகள் இப்படித் திறந்து கிடந்தன.

இதைப் படித்ததும், எண்ணை யூகிக்க முடியாதபடி மாற்றிவிட்டால் போதும் என்று பலர் முடிவுக்கு வருகிறார்கள். போதாது. அங்கே தவறு எண்ணில் இல்லை. கேட்பவருக்கு இந்த ஆவணத்தைப் பார்க்கும் உரிமை உண்டா என்று யாரும் சரிபார்க்காததில் இருந்தது. அடையாள எண் பூட்டு ஆகாது. லிங்க்குகள் வாட்ஸ்அப்பில் பகிரப்படும், பிரவுசர் ஹிஸ்டரியில் கிடக்கும், சர்வர் லாக்கில் பதியும். ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் வலைச் செயலிகளின் ஆபத்துகளில் முதலிடம் பெற்றது இந்த அனுமதிச் சரிபார்ப்புக் கோளாறுதான். ஆர்டரை எடுக்கும் ஒவ்வொரு வினவலிலும் ஆர்டர் எண்ணோடு உள்நுழைந்தவரின் வாடிக்கையாளர் எண்ணும் நிபந்தனையாக இருக்கட்டும். யூகிக்க முடியாத எண் அதற்கு மேல் வரும் இரண்டாவது காவல்.

யுயுஐடி

அந்த இரண்டாவது காவலுக்கு ஏற்ற கருவி யுயுஐடி. 128 பிட் நீளம். 32 பதினாறடிமான இலக்கங்களும் நடுவில் நான்கு கோடுகளுமாக 36 எழுத்துகளில் காட்டப்படும். இதில் பல பதிப்புகள் உண்டு. உங்களுக்குத் தேவை இரண்டுதான்.

முதலில் ஒதுக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1ஆம் பதிப்பு நேரத்தையும் கணினியின் நெட்வொர்க் கார்டு முகவரியையும் சேர்த்து எண்ணை ஆக்கும். நேரத்தை, கிரிகோரியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்த 1582 அக்டோபர் 15 முதல் 100 நானோநொடித் துண்டுகளாக எண்ணும். எந்தக் கணினி, எந்த நேரம் என்ற இரண்டும் எண்ணிலேயே தெரிந்துவிடும். மைஎஸ்கியூஎல்லின் யுயுஐடி செயற்கூறு தருவது இந்தப் பதிப்பைத்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

4ஆம் பதிப்பு முழுக்கத் தற்செயல். 128 பிட்டில் 6 பிட் பதிப்பையும் வகையையும் குறிக்கப் போய்விட, மீதி 122 பிட்டும் தற்செயலாக அமையும். யாரையும் கேட்காமல் உருவாக்கினால் ஒரே எண் இரண்டு முறை வராதா என்ற பயம் நியாயமானதே. கணக்கு இதுதான்: நொடிக்கு 100 கோடி வீதம் சுமார் 86 ஆண்டுகள் உருவாக்கிக்கொண்டே போனால்தான், எங்காவது ஒரு ஜோடி மோதியிருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகும்.

இந்தக் கணக்கு நிற்பது தற்செயல் உண்மையிலேயே தற்செயலாக இருக்கும்போது மட்டும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண ரேண்டம் செயற்கூற்றை வைத்து நீங்களே ஓர் எண்ணைக் கோத்தால் இந்த உறுதி போய்விடும்; அது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டதல்ல, அடுத்து வருவதை யூகிக்க முடியும். பிஎச்பியின் யூனிக்ஐடி பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: அது மைக்ரோநொடி நேரத்தை 13 எழுத்தில் எழுதிக் காட்டுவதுதான். இரண்டு சர்வர்கள் ஒரே மைக்ரோநொடியில் ஒரே எண்ணைத் தரலாம். பிரவுசரிலும் நோடிலும் கிரிப்டோ பகுதியில் உள்ள ரேண்டம்யுயுஐடி, பைத்தானில் யுயுஐடி4, போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ளேயே இருக்கும் ஜென்ரேண்டம்யுயுஐடி ஆகியவற்றை அப்படியே பயன்படுத்துங்கள்.

தற்செயல் எண்ணைப் பிரைமரி கீ ஆக்குவதற்கு ஒரு விலை உண்டு. இன்னோடிபி, பதிவுகளைப் பிரைமரி கீயின் வரிசையிலேயே 16 கிலோபைட் பக்கங்களில் அடுக்கி வைக்கிறது. வரிசை எண் என்றால், நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போவது போல, புதியது எப்போதும் கடைசியில் சேரும். தற்செயல் எண் என்றால் ஒவ்வொரு பதிவும் எங்கோ நடுப்பக்கத்தில் நுழைய வேண்டும். அந்தப் பக்கம் நிரம்பியிருந்தால் இரண்டாகப் பிளக்கும். இரண்டும் பாதி காலியாக நிற்கும். டேபிள் நினைவகத்தைவிடப் பெரிதாகிவிட்டால் ஒவ்வொரு பதிவுக்கும் டிஸ்க்கிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து வர வேண்டிவரும். போதாக்குறைக்கு, மற்ற இன்டெக்ஸ் ஒவ்வொன்றிலும் பிரைமரி கீயின் நகல் ஒட்டியிருக்கும். யுயுஐடியை 36 எழுத்துச் சரமாக வைத்தால் அந்த 36 பைட்டும் ஒவ்வொரு இன்டெக்ஸிலும் திரும்பத் திரும்ப உட்காரும். 16 பைட் பைனரியாகவோ, போஸ்ட்கிரெஸ் என்றால் அதற்கென்றே உள்ள யுயுஐடி வகையாகவோ வையுங்கள்.

இதற்குத் தீர்வாகவே 7ஆம் பதிப்பு வந்தது. 2005-ல் வெளியான பழைய தரத்துக்குப் பதிலாக 2024 மே மாதம் வெளிவந்த ஆர்எஃப்சி 9562 அதை முறைப்படுத்தியது. முதல் 48 பிட்டில் மில்லிநொடி நேரம். பின்னால் 74 பிட் தற்செயல். நேரம் முன்னால் இருப்பதால் புதிய எண்கள் ஏறக்குறைய ஏறுவரிசையிலேயே வரும், பக்கங்கள் பிளவுபடுவது குறையும். போஸ்ட்கிரெஸ் 18-ல் இதற்கான செயற்கூறு உள்ளேயே இருக்கிறது. மற்ற இடங்களில் நல்ல லைப்ரரிகள் உண்டு. ஒன்றை மறக்க வேண்டாம்: பதிவு உருவான நேரத்தை இந்த எண்ணிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். புடவை ஆர்டருக்குப் பரவாயில்லை. மருத்துவப் பதிவு, புகார்ப் பெட்டி போன்றவற்றுக்கு வெளியே காட்டும் எண்ணாக 4ஆம் பதிப்பையே வையுங்கள்.

ஒரே டேட்டாபேஸில் ஓடும் தளத்துக்கு என் பரிந்துரை: உள்ளே பிக்இன்ட் பிரைமரி கீ, வெளியே காட்ட யூனிக் இன்டெக்ஸோடு ஒரு யுயுஐடி புலம். எண்ணைப் பல இடங்களில் தனித்தனியே உருவாக்க வேண்டியிருந்தால், உதாரணமாக சிக்னல் இல்லாத ஊரில் மொபைலிலேயே ஆர்டர் எடுத்துப் பிறகு சேர்க்கும் விற்பனையாளர்கள் இருந்தால், 7ஆம் பதிப்பையே பிரைமரி கீ ஆக்கிவிடலாம்.

எண்ணை வாடிக்கையாளர் பக்கத்திலேயே உருவாக்குவதால் இன்னொரு பெரிய நன்மை உண்டு, அதிகம் பேர் பயன்படுத்தாதது. பணம் கட்டும் பக்கம் திறக்கும்போதே பிரவுசர் ஒரு யுயுஐடியை உருவாக்கி வைத்துக்கொள்ளட்டும். நெட் மெதுவாக இருக்கிறது, வாடிக்கையாளர் பொறுமையிழந்து பட்டனை இரண்டாம் முறை அழுத்துகிறார். இரண்டு கோரிக்கையும் ஒரே யுயுஐடியோடு வரும். யூனிக் கட்டுப்பாடு இரண்டாவதைத் தடுக்கும்; உங்கள் நிரல் பிழை காட்டாமல், முதல் ஆர்டர் அவருடையதுதானா என்று பார்த்து, அதையே திருப்பிக் காட்டட்டும். ஒரு புடவைக்கு இரண்டு முறை பணம் பிடிபடுவது நின்றுவிடும்.

2010-ல் ட்விட்டர் உருவாக்கிய ஸ்னோஃப்ளேக் முறையைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள்: 64 பிட்டுக்குள் நேரம், இயந்திர எண், ஒரு சிறு எண்ணி. பல சர்வர்கள் உள்ள பெரிய நிறுவனங்களுக்கானது. அதிலிருந்து நமக்கு ஒரு பாடம் மட்டும் போதும். ஜாவாஸ்கிரிப்ட் எண்கள் 9,007,199,254,740,991 வரைதான் துல்லியம். அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். ட்விட்டர் அந்த எண்களைச் சரமாகவும் சேர்த்து அனுப்ப வேண்டியதாயிற்று. 64 பிட் எண் எதையும் பிரவுசருக்குச் சரமாகவே அனுப்புங்கள்.

போனில் படிக்கும் எண்

யுயுஐடியை யாரும் போனில் படிக்க முடியாது. அதற்குத் தனி ஆர்டர் எண் வேண்டும்: எழுத்துகள் கலவாத தற்செயல் இலக்கங்கள், நான்கு நான்காகப் பிரித்துக் காட்டியது. ஆங்கில எழுத்துகளில் பி, டி, இ எல்லாம் போனில் ஒன்றுபோலக் கேட்கும். ஓ-வும் பூஜ்யமும் திரையில் ஒன்றுபோலத் தெரியும்.

கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேருங்கள். ஆதார் எண்ணின் 12ஆம் இலக்கம் அப்படிப்பட்டதுதான். அது வெர்ஹாஃப் முறை. வங்கி அட்டைகளிலும் மொபைலின் ஐஎம்இஐ எண்ணிலும் இருப்பது லூன் முறை, எழுதுவதற்கு எளிது. 472915 என்ற எண்ணை எடுங்கள். வலக்கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்று இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழிக்க வேண்டும். 5 இரட்டித்து 10, அதாவது 1. அடுத்து 1 அப்படியே. 9 இரட்டித்து 18, அதாவது 9. பிறகு 2 அப்படியே. 7 இரட்டித்து 14, அதாவது 5. கடைசியாக 4. கூட்டினால் 22. அடுத்த முழுப் பத்தான 30-க்கு 8 குறைகிறது, எண் 4729158. வாடிக்கையாளர் நடுவில் 29-ஐ 92 என்று மாற்றிப் படித்தால் கூட்டுத்தொகை 24 ஆகும். வர வேண்டிய இலக்கம் 6, அவர் சொன்னதோ 8. டேட்டாபேஸைத் தொடாமலேயே "இன்னொரு தடவை படிங்கம்மா" என்று உங்கள் ஊழியர் சொல்லிவிடலாம். லூன் முறையில் நழுவும் ஒன்று 09-ம் 90-ம் இடம் மாறுவது. வெர்ஹாஃப் அடுத்தடுத்த இலக்கங்களின் இடமாற்றம் எல்லாவற்றையும் பிடிக்கும்.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆறு இலக்கத் தற்செயல் எண்ணில் பத்து லட்சம் வாய்ப்பு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சுமார் 1,180 ஆர்டரிலேயே ஏதோ இரண்டு மோதும் வாய்ப்பு பாதியைத் தொட்டுவிடும். பத்து இலக்கமும் ஒரு சரிபார்ப்பு இலக்கமும் வையுங்கள். அப்போதும் மோதலாம். இந்த எண் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். அது 1842-ன் கதையேதான். நேராக எழுதுங்கள், யூனிக் கட்டுப்பாடு மறுத்தால் புதிய எண்ணோடு மறுபடி எழுதுங்கள், ஐந்து முறைக்கு மேல் மறுத்தால் நிறுத்தி எச்சரிக்கை எழுப்புங்கள்.

பில் எண்

ஜிஎஸ்டி விதி 46 கேட்பது வேறு வகை எண். விடுபடாத தொடர் வரிசையில் இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மிகக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வரக்கூடாது. ஆட்டோ இன்கிரிமென்ட் இதற்கு உதவாது. ஒரு டிரான்சாக்ஷன் தோற்று ரோல்பேக் ஆனாலும் அது எடுத்த எண் திரும்பாது. 416-க்கு அடுத்து 418 வரும், 417 எங்கே என்று ஆடிட்டர் கேட்பார்.

எண்ணிக்கென்று ஒரு சிறு டேபிள் வையுங்கள். நிதியாண்டுக்கு ஒரு பதிவு. டிரான்சாக்ஷனைத் தொடங்கி, அந்தப் பதிவை ஒன்று கூட்டுங்கள். கூட்டிய கணமே டேட்டாபேஸ் அந்தப் பதிவைப் பூட்டிவிடும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். கூட்டிய எண்ணோடு பில்லை எழுதி கமிட் செய்யுங்கள். நடுவில் எது தோற்றாலும் எண்ணியும் பழைய இடத்துக்குத் திரும்பும், இடைவெளி விழாது. காத்திருப்பு நீளாமல் இருக்க, பேமென்ட் கேட்வேயோடு பேசுவது, மெயில் அனுப்புவது எல்லாம் இந்த டிரான்சாக்ஷனுக்கு வெளியே நடக்கட்டும். பணம் வந்தது உறுதியான பிறகே பில் எண்ணை எடுங்கள்.

நிதியாண்டு ஏப்ரல் 1-ல் மாறுகிறது, ஆனால் உங்கள் சர்வர் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் ஓடும். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு வரும் ஆர்டருக்கு சர்வரில் இன்னும் மார்ச் 31 இரவு 8.30தான். நிதியாண்டை இந்திய நேரத்தில் கணக்கிடாவிட்டால் அந்த பில் பழைய ஆண்டு வரிசையில் போய் உட்காரும்.

எண்ணுக்குள் விவரம் திணிப்பது

போன் எண்தான் எல்லோருக்கும் தனித்தனியாக இருக்கிறதே, அதையே வாடிக்கையாளர் கீ ஆக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போன் எண் மாறும். இந்தியாவில் கைவிடப்பட்ட எண்கள் சில மாதங்களில் வேறொருவருக்குப் போகும். புதியவர் உள்நுழைந்தால் பழையவரின் முகவரியும் ஆர்டர்களும் அவர் முன் திறக்கும். போன் எண் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு புலமாக மட்டும் இருக்கட்டும்.

எண்ணுக்குள் பொருளைப் பொதிந்தால் அது வெளியேயும் தெரியும், பிறகு மாற்றவும் முடியாது. இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எண்ணைப் பார்த்த எவருக்கும் வயதும் பாலினமும் தெரிந்துவிடும். 2016 முதல் ஆண்டு நான்கு இலக்கமாகி எண் 12 இலக்கமானது. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்ட மென்பொருள் இரண்டு வடிவத்தையும் ஏற்க வேண்டியதாயிற்று. கிளைக் குறியீடு, பொருள் வகை போன்றவற்றை ஆர்டர் எண்ணில் சேர்க்கச் சொல்லிக் கடைக்காரர் கேட்பார். கிளை இடம் மாறும், வகை பிரியும். அவற்றைத் தனிப் புலங்களில் வைத்து, திரையில் பக்கத்தில் காட்டுங்கள்.

ஏற்கெனவே ஓடும் தளம் என்றால்

வரிசை எண் யுஆர்எல்லில் ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை ஒரே இரவில் மாற்ற முயலாதீர்கள். முதலில் காலியாக இருக்க அனுமதிக்கும் யுயுஐடி புலம் ஒன்றைச் சேருங்கள். புதிய பதிவுகளுக்கு அதை நிரப்பும் நிரலை ஏற்றுங்கள். பழைய பதிவுகளை ஆயிரம் ஆயிரமாக நிரப்புங்கள். மொத்தமாக ஒரே கட்டளையில் நிரப்பினால் டேபிள் பூட்டிக்கொண்டு ஆர்டர்கள் நின்றுவிடும். எல்லாம் நிரம்பியதும் யூனிக் இன்டெக்ஸ் போட்டு, காலியாக விட முடியாதபடி இறுக்குங்கள். அதன்பிறகு புதிய எஸ்எம்எஸ், மெயில் லிங்க்குகளில் யுயுஐடியை வையுங்கள். பழைய லிங்க்குகள் சில மாதம் வேலை செய்யட்டும், ஆனால் உள்நுழைந்த உரிமையாளருக்கு மட்டும். மற்றவருக்கு "அனுமதி இல்லை" என்று காட்டினால் அப்படி ஓர் ஆர்டர் உண்டு என்பது தெரிந்துவிடும். இல்லாத எண்ணுக்குக் காட்டும் அதே 404 பக்கத்தையே காட்டுங்கள்.